கறுத்துப்போன பழைய புல்லட்டை ரீலோட் பண்றதுக்கு முன்னாடி க்ளீன் பண்ணணுமா?

கேள்வி இதுதான்: "அண்ணா, நான் டெக்சாஸ்ல இருக்கேன், ரீலோடிங்குக்கு (சுட்ட கேஸ்ல மறுபடி தோட்டா செய்யறதுக்கு) புதுசு. ஒரு எஸ்டேட் சேல்ல (ஒருத்தர் வீட்டுப் பழைய சாமானையெல்லாம் விக்கற இடத்துல) .30 கேலிபர் 150 கிரெயின் (எடை அளவு) புல்லட் ஒரு பெரிய டப்பா நிறைய சல்லிசா கிடைச்சது. பாதிக்கு மேல கறுத்துக் கிடக்கு, சிலதுல பச்சையா களிம்பு பிடிச்சிருக்கு, அடியில கொஞ்சம் வெறும் ஈய புல்லட்டும் கலந்து கிடக்கு. லோட் பண்றதுக்கு முன்னாடி பளபளன்னு ஆக்கணுமா? வினிகர்ல ஊறவைக்கலாமா, இல்ல நம்ம வீட்ல பித்தளைக்கு செய்ற மாதிரி புளி, பிராஸோ ஏதாவது போடலாமா?"

தம்பி, முதல்ல ஒண்ணு உறுதி பண்ணிக்கோங்க, நீங்க சொல்றது புல்லட் மட்டும்தானே, அதாவது கேஸ் (பித்தளைக் கூடு), பவுடர் (வெடிமருந்து), பிரைமர் (பவுடரைப் பத்தவெக்கற சின்ன மூடி) எதுவும் இல்லாம முன்னாடி பறக்கிற அந்த துண்டு மட்டும். லோட் பண்ணின முழு ரவுண்டு ஏதாவது அந்த டப்பாவுல கலந்திருந்தா அதை இப்பவே தனியா எடுத்து வெச்சிடுங்க, கீழ சொல்ற எதுவும் அதுக்குப் பொருந்தாது. முழு ரவுண்டை தண்ணியிலயோ, ஆசிட்லயோ, எந்த திரவத்துலயும் முக்கவே கூடாது.

சுருக்கமான பதில் வேணும்னா: வெறும் கறுப்பா பழுப்பா இருக்கிறதை ஒண்ணும் செய்ய வேண்டாம், துணியால துடைச்சு லோட் பண்ணலாம். பச்சை இருக்கிறதை மட்டும் எடுத்துப் பாக்கணும். வினிகர் வேண்டாம், புளி வேண்டாம், பிராஸோ வேண்டவே வேண்டாம். புல்லட் மேல இருக்கிற கறையால வர்ற கெடுதலை விட, அதைப் போக்கறேன்னு நாம தடவி விட்டுட்டுப் போற சமாச்சாரத்தால வர்ற கெடுதல்தான் பெருசு. அது ஏன்னு விளக்கமா சொல்றேன், ஏன்னா இந்த விஷயத்துல எல்லாரும் "எது போட்டா சீக்கிரம் பளபளக்கும்"னு மட்டும்தான் பேசறாங்க.

உங்க புல்லட்டோட மேல் சட்டை, அதாவது ஜாக்கெட், பெரும்பாலும் கில்டிங் மெட்டல்ங்கிற கலவை, 95 பங்கு காப்பர் 5 பங்கு துத்தநாகம், சில கம்பெனி 90க்கு 10னும் போடுவாங்க. உள்ளே ஈயம். காப்பர் காத்து பட்டாலே பழுக்கும், விரல் வியர்வை பட்டா இன்னும் சீக்கிரம் கறுக்கும், அட்டை டப்பாவுல வருஷக்கணக்கா கிடந்தா கேக்கவே வேண்டாம். ஆனா அது ரொம்ப மெல்லிசான ஒரு ஆக்சைடு படலம். அதனால பேரல் தேயாது, எடையில தெரியற மாதிரி வித்தியாசம் வராது, குறியும் மாறாது. மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு கூட இல்லாத ஒரு படலத்துக்காக நாள் முழுக்க உக்காந்து தேய்க்கறது வீண் வேலை. பேரலுக்கு உண்மையான எதிரி மணலும் தூசியும்தான், டப்பா கராஜ்ல திறந்து கிடந்திருந்தா புல்லட் மேல அது ஒட்டியிருக்கும், முக்கியமா மூக்குல ஈயம் வெளிய தெரியற சாஃப்ட் பாயிண்ட் புல்லட்னா அந்த மெத்து ஈயத்துல மணல் பதிஞ்சே போயிருக்கும். அதனால கறுப்பா இருக்கோ இல்லையோ, எல்லாத்தையும் ஒரு தடவை துடைக்கணும். பழைய காட்டன் பனியன் துணியில கொஞ்சம் மினரல் ஸ்பிரிட்ஸ் (பெயிண்ட் கரைக்கற தின்னர்) நனைச்சு உருட்டித் துடைச்சாலே போதும், துணி அழுக்காகறதைப் பாத்தாலே தெரியும் எவ்வளவு தூசி இருந்ததுன்னு.

பச்சை வேற கதை. பச்சைக் களிம்புன்னா காப்பர் மேல ஆசிடோ உப்போ ஈரமோ பட்டு அரிக்க ஆரம்பிச்சிருக்குன்னு அர்த்தம். பழைய ஆளுங்க தோல் பெல்ட்டுல வரிசையா ரவுண்டைச் சொருகி வெச்சிருப்பாங்க, தோல் பதனிடற ஆசிட் காப்பரோட சேந்து அங்கங்க பச்சையா மொழுமொழுன்னு கட்டிக்கும், அந்த மாதிரி. இதை என்ன செய்யணும்னா ஒவ்வொண்ணா எடுத்து, 0000 நம்பர் ஸ்டீல் வுல் இருக்கு பாருங்க, ரொம்ப மெல்லிசானது, அதால பச்சை இருக்கிற இடத்தை மட்டும் ரெண்டு மூணு தடவை லேசா தேய்ங்க, அழுத்த வேண்டாம். அப்புறம் துடைச்சிட்டு நல்ல வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க, விரல் நகத்தை மேல ஓட்டிப் பாருங்க. பச்சை போன இடம் வழவழன்னு, கொஞ்சம் ரோஸ் கலர்ல காப்பர் மட்டும் தெரிஞ்சா அது பிழைச்சது. நகம் சிக்கிச்சுன்னா, குழி விழுந்திருக்குன்னு அர்த்தம், தூக்கிப் போட்டுடுங்க, யோசிக்கவே வேண்டாம்.

"ஒரு சின்னக் குழிக்கா?"ன்னு கேப்பீங்க. கணக்குப் போட்டுப் பாருங்க. .30-06ங்கிற ரைஃபிள் தோட்டாவுக்கான பேரல்ல ரைஃப்லிங் (புல்லட்டைச் சுத்த வெக்கற சுருள் வரி) 10 இன்ச்சுக்கு ஒரு சுத்து, புல்லட் வினாடிக்கு 2800 அடி வேகத்துல வெளிய வருதுன்னு வெச்சுக்கோங்க, 2800ஐ 720ஆல (அடிக்கு 12 இன்ச், நிமிஷத்துக்கு 60 வினாடி) பெருக்கி 10ஆல வகுத்தா நிமிஷத்துக்கு 2 லட்சத்து 1600 சுத்து. அந்த வேகத்துல சுத்தற ஒண்ணுல ஒரு பக்கம் மட்டும் உலோகம் குறைஞ்சிருந்தா அது ஆடாமப் போகாது. ஜாக்கெட் ஏற்கனவே மெல்லிசு, அரிச்ச இடத்துல அது கிழியற வாய்ப்பும் இருக்கு. கைத்துப்பாக்கி புல்லட்னா இவ்வளவு கண்டிப்பா சொல்ல மாட்டேன், 25 கஜத்துல பேப்பர் டார்கெட்டுக்கு சின்னச் சின்ன குறை ஒண்ணும் தெரியாது, ரைஃபிள்னா விடறதுக்கில்ல.

இப்போ வினிகர். காப்பர் கறையை வினிகர் நல்லாவே எடுக்கும், அதுல சந்தேகமே இல்ல, தனிக் காப்பர்னா நானே சரின்னு சொல்லிடுவேன். ஆனா எஃப்.எம்.ஜே, அதாவது மூக்கு முழுக்க ஜாக்கெட் மூடின புல்லட்டைத் திருப்பி அடியைப் பாருங்க, பெரும்பாலானதுல ஜாக்கெட் அடிப்பக்கம் மூடியிருக்காது, நடுவுல சாம்பல் கலர்ல வட்டமா ஈயம் தெரியும். சாஃப்ட் பாயிண்ட்னா மூக்குல தெரியும். வினிகர்ல இருக்கிற அசிட்டிக் ஆசிட் அந்த ஈயத்தைத் தின்னும், லெட் அசிடேட்டா மாறி தண்ணியிலயே கரைஞ்சு நிக்கும். உலோகமா இருக்கிற ஈயத்தைத் தொட்டா தோல் வழியா பெருசா உள்ள போகாது, கையைக் கழுவினா சரி, ஆனா கரைஞ்ச ஈயம் இருக்கிற தண்ணியை சிங்க்ல கொட்டறது, அது தெறிச்ச பாத்திரத்துல அப்புறம் சமைக்கறது எல்லாம் விஷத்தோட விளையாடற வேலை. சிட்ரிக் ஆசிட் போடுறவங்களும் நிறைய பேர் இருக்காங்க, காலி பித்தளைக் கேஸ் கழுவறதுக்கு அது அருமையான சரக்கு, நானும் கேஸுக்கு அதைத்தான் சிபாரிசு பண்றேன், ஆனா ஈயம் வெளிய தெரியற புல்லட்டுக்கு அதுவும் வேண்டாம். இன்னொரு பிரச்சனை தண்ணி. ஜாக்கெட்டுக்கும் ஈயத்துக்கும் நடுவுல உள்ள சந்துல, மூக்குல ஓட்டை இருக்கிற ஹாலோ பாயிண்ட் புல்லட்னா அந்த ஓட்டைக்குள்ள, ஈரம் போய் உக்காந்துக்கும். மேல காஞ்ச மாதிரி இருக்கும், லோட் பண்ணி மூடின அப்புறம் அந்த ஈரம் பவுடரோட உள்ள தங்கிடும்.

புளி கேட்டீங்க. குத்துவிளக்கு தேய்க்கற நமக்கு அதுதான் முதல்ல ஞாபகம் வரும், தப்பில்ல, புளியில உள்ள டார்டாரிக் ஆசிட் காப்பர் ஆக்சைடை எடுக்கத்தான் செய்யும். ஆனா வீட்ல புளியோட உப்பும் சேத்துத்தான் தேய்ப்போம், அந்த உப்புல இருக்கிற குளோரைடு காப்பருக்கு ஆகவே ஆகாது, கொஞ்சம் சந்துல தங்கினாலும் உள்ளயே அரிச்சுட்டே இருக்கும். விளக்கை அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி தேய்ச்சுக்கலாம், லோட் பண்ணின ரவுண்டைப் பிரிச்சா தேய்ப்பீங்க? வினிகரும் உப்பும் கலந்து தேய்க்கச் சொல்ற ஆளுங்களுக்கும் இதே பதில்தான்.

பிராஸோ பத்தி கொஞ்சம் நீட்டிச் சொல்லணும், ஏன்னா இதுல நம்ம நாட்டோட சம்பந்தப்பட்ட ஒரு பழைய கதை இருக்கு. பிராஸோ மாதிரி மெட்டல் பாலிஷ்ல ரெண்டு சரக்கு, ஒண்ணு தேய்க்கற பொடி, இன்னொண்ணு அம்மோனியா. பொடி பேரலுக்குள்ள போறது நல்லதில்ல, அது ஒரு பக்கம். அம்மோனியாதான் நிஜமான ஆபத்து. வெள்ளைக்காரன் காலத்துல இந்தியாவுல பிரிட்டிஷ் ராணுவம் மழைக்காலத்துல நடவடிக்கையைக் குறைச்சுக்கிட்டு தோட்டா பெட்டியெல்லாம் குதிரை லாயத்துல அடுக்கி வெச்சிருப்பாங்க. மழை விட்டு எடுத்துப் பாத்தா பித்தளைக் கேஸெல்லாம் விரிசல், அதுவும் சரியா கேஸோட கழுத்து புல்லட்டைப் பிடிச்சிருக்கிற இடத்துல. ஏன்னு ரொம்ப காலம் யாருக்கும் தெரியல, பருவத்துல வர்ற விரிசல்னு சொல்லி சீசன் கிராக்கிங்னு பேர் வெச்சுட்டாங்க. 1921ல மூர், பெக்கின்சேல், மேலின்சன்னு மூணு பேர்தான் காரணத்தை விளக்கினாங்க: குதிரை மூத்திரத்துலேர்ந்து வர்ற அம்மோனியா, கூடவே கேஸைக் குளிர்நிலையில இழுத்துச் செஞ்சப்போ உலோகத்துக்குள்ள தங்கிப்போன இறுக்கம், ரெண்டும் சேந்தாத்தான் பித்தளை பிளக்குது. அதுக்கு மருந்து கழுத்தைச் சூடு பண்ணி இறுக்கத்தைத் தளர்த்தறது, அதைத்தான் அனீலிங்ங்கறோம். அமெரிக்க மிலிட்டரி கேஸ் கழுத்துல நீலமும் பழுப்புமா ஒரு சூட்டுக் கறை இருக்கும், அனீல் பண்ணியிருக்குன்னு பாத்ததும் தெரியட்டும்னு அதை பாலிஷ் பண்ணாம விட்டுடுவாங்க.

இதை உங்க புல்லட்டோட சேத்துப் பாருங்க. புல்லட் ஜாக்கெட்டுல துத்தநாகம் 5 பங்குதான், அதனால அம்மோனியா அதைப் பிளக்காது, "நான் பிராஸோ போட்டேன் ஒண்ணும் ஆகலயே"ன்னு சிலர் சொல்றது அதனாலதான். ஆனா கேஸ் பித்தளை 70 பங்கு காப்பர் 30 பங்கு துத்தநாகம், அம்மோனியா பட்டா பிளக்கற ரகம். பிராஸோ போட்டு தேய்ச்ச புல்லட்டைக் கொண்டுபோய் கேஸ் கழுத்துக்குள்ள இறுக்கமாச் சொருகறீங்க, அந்தக் கழுத்து இழுபட்டு டென்ஷன்ல இருக்கு, நடுவுல மிச்சம் மீதி அம்மோனியா. குதிரை லாயத்துல நடந்த அதே வேலையை நீங்களே கையால செஞ்சு அலமாரியில வெக்கறீங்க. இன்னைக்கே சுட்டுட்டா ஒண்ணும் ஆகாம இருக்கலாம், ரெண்டு மூணு வருஷம் கழிச்சு எடுத்தா கழுத்துல நீளவாக்குல விரிசல் கோடு விழுந்திருக்கலாம். அதனால அம்மோனியா வாடை வர்ற எதையும், ஜன்னல் கண்ணாடி துடைக்கற ஸ்ப்ரே உள்பட, ரீலோடிங் பெஞ்ச் பக்கமே கொண்டு வராதீங்க.

ரொம்ப சுத்தமா இருந்தாலும் பிரச்சனைதான், இது பலருக்கு நம்பவே முடியாது. 1921ல அமெரிக்காவுல நேஷனல் மேட்ச் துப்பாக்கி சுடும் போட்டிக்குன்னு புல்லட் ஜாக்கெட் மேல வெள்ளீயம் பூசி ஸ்பெஷலா தோட்டா தயார் பண்ணினாங்க, பேரல்ல உலோகம் ஒட்டாம இருக்கட்டும்னு. நாள் போகப்போக அந்த வெள்ளீயம் கேஸ் கழுத்தோட பத்தவெச்ச மாதிரி ஒட்டிக்கிச்சு, புல்லட்டை வெளிய தள்ள சாதாரணமா வேணுங்கிறதை விட எக்கச்சக்கமான விசை தேவைப்பட்டது. அதுக்கு மேல சிலர் பழக்கதோஷத்துல புல்லட்டுக்கு கிரீஸ் வேற தடவ, பிரஷர் எகிறி துப்பாக்கி சேதமானதெல்லாம் நடந்தது. உங்க புல்லட்ல வெள்ளீயம் இல்லதான், ஆனா ரெண்டு சுத்தமான உலோகத்தை இறுக்கி வெச்சு வருஷக்கணக்கா விட்டா கொஞ்சம் கொஞ்சமா ஒட்டத்தான் பாக்கும். ஸ்டெயின்லெஸ் பின் போட்டு தண்ணியில டம்பிள் பண்ணின (மெஷின்ல உருட்டிக் கழுவின) கேஸ் உள்பக்கம் கூட கண்ணாடி மாதிரி இருக்கும், அதுல பளபளன்னு தேய்ச்ச புல்லட்டைச் சொருகினா இந்த ஒட்டல் பத்தி அனுபவஸ்தங்க நிறைய பேர் எச்சரிக்கறாங்க. அதனாலதான் கேஸ் கழுத்து உள்ள கொஞ்சம் கார்பன் கறுப்பு இருக்கட்டும்னு விடறவங்க இருக்காங்க, இல்லன்னா கிராஃபைட் பொடியில கழுத்தைத் தொட்டு எடுத்துட்டு சொருகுவாங்க. நான் ரெண்டாவது வழிதான்.

சரி, துணியால துடைச்சும் மனசு கேக்கலன்னா, இல்ல ஆயிரக்கணக்குல இருக்கு ஒவ்வொண்ணா துடைக்க முடியாதுன்னா, வைப்ரேட்டரி டம்ப்ளர்ல (அதிர்ந்து தேய்ச்சுக் கொடுக்கற மெஷின்) உலர்ந்த சோளக்கதிர் பொடி போட்டு ஓட்டுங்க. வால்நட் ஓடும் வேலை செய்யும், ஆனா கொஞ்சம் முரடு. ஒரு மூடி மினரல் ஸ்பிரிட்ஸ் விட்டு, பழைய டிரையர் ஷீட் (துணி உலர்த்தற மெஷின்ல போடற தாள்) ஒண்ணைக் கிழிச்சுப் போட்டா தூசியை அது பிடிச்சுக்கும். டம்ப்ளரை நிரப்பாதீங்க, புல்லட் கேஸை விட ரொம்ப கனம், மோட்டாருக்கும் கஷ்டம், புல்லட் ஒண்ணோடொண்ணு மோதி மூக்கும் நசுங்கும். அரை மணிலேர்ந்து ஒரு மணி நேரம் போதும். சாஃப்ட் பாயிண்ட்டை இதுல போடாதீங்க, கையாலதான் துடைக்கணும். ஹாலோ பாயிண்ட்னா ஓட்டைக்குள்ள சோளப்பொடி மாட்டியிருக்கான்னு ஒவ்வொண்ணா வெளிச்சத்துல பாருங்க, வேலை இருக்கு. பிளேட்டட் புல்லட், அதாவது மேல பூச்சு மாதிரி மெல்லிசா காப்பர் ஏத்தினது, அதை ஜாக்கெட் புல்லட் மாதிரி நினைச்சு ரொம்ப நேரம் ஓட்டக் கூடாது.

ஆனா டம்ப்ளர்ல போடறதுக்கு முன்னாடி, தம்பி, இதை மட்டும் மறக்கவே மறக்காதீங்க, எல்லா புல்லட்டோட மூக்கு நுனியையும் பாருங்க. பழைய .30 கேலிபர்னா மிலிட்டரி ரவுண்டுலேர்ந்து பிடுங்கின புல்லட் கலந்திருக்க நிறைய வாய்ப்பு இருக்கு, நடுவுல இடுக்கியால பிடிச்ச தடம், அடிப்பக்கம் தார் மாதிரி கறுப்பு சீலன்ட் இருந்தா அதான் அடையாளம். அமெரிக்க ராணுவ புல்லட்ல நுனி கறுப்பு பெயிண்ட்னா ஆர்மர் பியர்சிங் (கவசத்தைத் துளைக்கறது), சிவப்போ ஆரஞ்சோ இருந்தா டிரேசர் (போற வழி தெரிய எரிஞ்சுட்டே போறது), நீலம்னா இன்சென்டியரி (தீ வெக்கறது). டம்ப்ளர்ல ஓட்டினா பெயிண்ட் போயிடும், அப்புறம் எது எதுன்னு உங்களுக்கே தெரியாது. டிரேசர்லயும் இன்சென்டியரிலயும் எரியற ரசாயனம் உள்ள இருக்கு, காட்டுத் தீ பத்திக்கும், அதைத் தேய்க்கவும் வேண்டாம் லோட் பண்ணவும் வேண்டாம். பெயிண்ட் ஏற்கனவே போயிருக்கலாம்கறதால காந்தம் வெச்சும் பாத்துடுங்க, ஒட்டினா உள்ளயோ ஜாக்கெட்டுலயோ எஃகு இருக்கு, அப்படிப்பட்டதை நிறைய ரேஞ்சுல (சுடற பயிற்சி இடத்துல) அனுமதிக்க மாட்டாங்க. வெள்ளி மாதிரி பளிச்சுன்னு ஜாக்கெட் இருந்தா அது கறை போனதால இல்ல, ரொம்ப பழைய காலத்து காப்பர் நிக்கல் ஜாக்கெட்டா இருக்கலாம், பேரல்ல கட்டி கட்டியா ஒட்டற ரகம், அதனாலதான் அதைக் கைவிட்டாங்க, நீங்களும் விட்டுடுங்க.

அடியில கிடக்கிற வெறும் ஈய புல்லட் பத்தி. அது வெறும் சாம்பல் கலரா மங்கி இருந்தா பரவால்ல. வெள்ளையா மாவு மாதிரி பூத்திருந்தா அது லெட் கார்பனேட், ஊதினாலே பறக்கும், மூச்சுல போனா உடம்புல தங்கும். அதைக் காஞ்ச துணியால தேய்க்காதீங்க, டம்ப்ளர்ல போடவே போடாதீங்க. கையுறை போட்டுக்கிட்டு, எண்ணெய் தொட்ட துணியால துடைச்சு, துணியை ஒரு பையில கட்டிப் போட்டுடுங்க. நிறைய பூத்திருந்தா துடைக்கறதுல அர்த்தமில்ல, ஈயம் உருக்கி புல்லட் வார்க்கறவங்க யாராவது இருந்தா அவங்களுக்குக் கொடுத்துடலாம். மரப்பெட்டி, முக்கியமா ஓக் மரம், ஈயத்துக்கு ஆகாது, அதுலேர்ந்து வர்ற அசிட்டிக் ஆசிட் ஆவியே இந்த வெள்ளையைக் கிளப்பும்.

வீட்ல குழந்தை இருக்கான்னு நீங்க சொல்லல, இருந்தா இந்த வேலை எதுவும் சமையல்கட்டுல, ஹால்ல, கார்ப்பெட் மேல செய்யக் கூடாது. அமெரிக்க அரசோட நோய்த்தடுப்பு மையமான சி.டி.சி 2021ல குழந்தைகளோட ரத்தத்துல ஈயத்துக்கான கவனிக்க வேண்டிய அளவை டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம்லேர்ந்து 3.5ஆ குறைச்சாங்க, அதுக்குக் கீழ இருந்தா பத்திரம்னும் அர்த்தம் இல்ல. டம்ப்ளர் மீடியாவை (உள்ள போட்ட சோளப்பொடியை) சலிக்கறப்போ பறக்கற தூசியிலதான் ஈயம் அதிகம், சுட்ட கேஸ் பிரைமர்ல உள்ள ஈயமும் அதே மீடியாவுல சேந்திருக்கும். வெளியில வெச்சு, என்95 மாஸ்க் போட்டு, காத்து உங்க மேல அடிக்காத பக்கமா நின்னு சலிங்க. முடிச்சதும் சோப்பு போட்டு குளிர்ந்த தண்ணியில கை கழுவிட்டு, அந்தச் சட்டையோட குழந்தையைத் தூக்காதீங்க.

துடைச்சு முடிச்சதும் அளவு பாக்கணும். டப்பா மேல எழுதினதை நம்பாதீங்க, அது வேற யாரோ எழுதினது. மைக்ரோமீட்டர்ல .308 இன்ச் வரணும். .311 கிட்ட வந்தா அது .303 பிரிட்டிஷுக்கோ ரஷ்யன் 7.62க்கோ உள்ளது, .308 பேரல்ல போட்டா பிரஷர் ஏறும். ஸ்கேல்ல எடையும் பாருங்க, 150ன்னு நினைச்சதுல 165ம் 110ம் கலந்திருக்கலாம். எடை வாரியா, ஜாக்கெட் ரகம் வாரியா பிரிச்சு, ஒவ்வொரு குவியலுக்கும் ரீலோடிங் மேனுவல்ல உள்ள ஸ்டார்ட் லோடுலேர்ந்து, அதாவது ஆரம்பிக்கச் சொல்ற குறைஞ்ச பவுடர் அளவுலேர்ந்து, தனித்தனியா ஆரம்பிங்க, இது என்ன மேக்குன்னே தெரியாத புல்லட், அதனால வேற புல்லட்டுக்கு நீங்க கண்டுபிடிச்சு வெச்சிருக்கிற லோடை அப்படியே இதுக்குப் போடாதீங்க. எந்தக் குவியல்னும் தெரியாம மிஞ்சறதை லோட் பண்ண வேண்டாம்.

சட்டம் பத்தி ஒரு வரி, ஊர்லேர்ந்து படிக்கறவங்களுக்காக: அமெரிக்காவுல சொந்த உபயோகத்துக்கு ரீலோட் பண்ண ஃபெடரல் லைசென்ஸ் தேவையில்ல, விக்கறதுக்குச் செஞ்சா வேணும். இந்தியாவுல 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாம தோட்டா தயாரிக்கறதே குற்றம், அதனால தாத்தா காலத்து டப்பா ஏதாவது பரண்ல கிடைச்சா நான் மேல சொன்னதைச் செஞ்சு பாக்காதீங்க, போலீஸ் ஸ்டேஷன்ல சொல்லிடுங்க.

எடுத்து வெக்கறதுக்கு, ரப்பர் கேஸ்கெட் இருக்கிற இரும்பு அம்மோ கேன், உள்ள ரெண்டு சிலிக்கா ஜெல் பாக்கெட். துடைச்ச புல்லட்டை வெறும் கையால அள்ளிப் போடாதீங்க, வியர்வை பட்ட இடத்துல விரல் ரேகையோடவே மறுபடி கறுக்கும். அப்படிக் கறுத்தாலும் விட்டுடுங்க, துணியால ஒரு துடை, லோட் பண்ணுங்க. நுனியில பெயிண்ட் மாதிரி ஏதாவது தெரிஞ்சா மட்டும் மேல எதுவும் செய்யாம போட்டோ எடுத்து இங்கேயே போடுங்க, பாத்து சொல்றேன்.